பந்து கையை விட்ட பிறகு

பின்வரிசையில் செல்போனை மடியில் மறைத்து வைத்து ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் கேளுங்கள்.

பிட்ஸ்பர்க்கில் ஒரு கூட்டத்துக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கம் மட்டும் போதாது. ஸ்டீலர்ஸ் அணியின் ஆட்ட அட்டவணையையும் பக்கத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒத்துப் பார்த்து இந்த ஞாயிறைத் தேர்ந்தெடுத்த நம் சங்கத்துச் செயலாளருக்கு முதல் நன்றி.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ஒரு கேள்வி. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற குவாட்டர்பேக்கை ஓடி வந்து பலமாக மோதி வீழ்த்துகிறார்களே, அது நேர்மையான ஆட்டம்தானா?

இந்தக் கேள்வியை முதன்முதலில் என்னிடம் கேட்டவர் என் அம்மா. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருந்தார். ஒரு ஞாயிறு மதியம் நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒரு முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏண்டா, அவன்தான் பந்தை எறிஞ்சுட்டானே. வெறுங்கையோட நிக்கறவன் மேல எதுக்குடா போய் விழறான்?"

நான் விதிகளை விளக்க ஆரம்பித்தேன். விளக்க விளக்கக் குழப்பம் எனக்குத்தான் கூடியது. ஏனென்றால் இந்த நாட்டின் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். பல பத்தாண்டுகளாக விதிப்புத்தகத்தைத் திருத்தித் திருத்தி எழுதிப் பதில் தேடிக்கொண்டிருப்பது அம்மாவின் அந்த ஒரே கேள்விக்குத்தான்.

சடுகுடு பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாடி வருகிறவனை ஏழு பேர் சேர்ந்து அமுக்கலாம், காலை வாரலாம், இடுப்பைப் பிடித்துத் தூக்கலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவன் நடுக்கோட்டைத் தொட்டுவிட்ட பிறகு ஒருத்தன் போய் முழங்காலால் இடித்தால்? ஊரே திரண்டு வந்துவிடும். இடி ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆட்டம், அந்தப் பக்கம் அடிதடி. குவாட்டர்பேக்கின் சங்கடம் என்ன தெரியுமா? அவருடைய நடுக்கோடு தரையில் இல்லை. பந்து அவர் விரலை விட்டுப் பிரியும் அந்த ஒரு நொடிதான் அவருடைய கோடு. நூறு கிலோவுக்கு மேல் கனமுள்ள ஒருவன் முழு வேகத்தில் பாய்ந்து வரும்போது அந்த நொடியை எப்படிப் பார்ப்பான்? பார்த்தாலும் எப்படி நிற்பான்?

இந்த ஆளை அப்படித் தனியாக நிற்க வைத்தது யார்? வரலாற்றில் இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் இந்த ஆட்டத்தில் 18 பேராவது இறந்தார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள். அந்தக் காலத்தில் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. எல்லோரும் கைகோத்து ஒரே குவியலாக முட்டி மோதிப் பந்தை நகர்த்துவார்கள். குவியலுக்கு அடியில் விலா நொறுங்கும், கழுத்து முறியும். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்த அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பயிற்சியாளர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். அவருடைய சொந்த மகனே அப்போது ஹார்வர்டில் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தான் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மறு ஆண்டு, 1906இல், பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதி வந்தது. குவியல் கலையும், ஆட்டக்காரர்கள் மைதானமெங்கும் பரவுவார்கள், உயிர்ச்சேதம் குறையும் என்பது கணக்கு.

குவியல் கலைந்தது உண்மை. ஆனால் எறிவதற்கு ஒருவன் வேண்டுமே! எல்லோரும் பரவி ஓட, ஒருவன் மட்டும் பின்னால் நிற்கிறான். கண் நாற்பது கெஜத்துக்கு அப்பால். ஒரு கால் முன்னால் ஊன்றியிருக்கிறது, கை தலைக்கு மேலே போயிருக்கிறது, மார்பும் விலாவும் திறந்து கிடக்கின்றன. அடிபடுவதற்கென்றே செதுக்கி வைத்த சிலை மாதிரி! ஆட்டத்தின் ஆபத்தைக் குறைக்க வந்த விதி, ஆட்டத்திலேயே ஆபத்தான இடத்தில் ஒருவனைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அவனை வீழ்த்துவதற்கு 'சாக்' என்று பெயர் வைத்தவர் டீக்கன் ஜோன்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரர். கைப்பற்றிய நகரத்தைச் சூறையாடுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. அவருக்குப் பிடித்த ஆயுதம், தன்னைத் தடுக்க வருகிறவனின் ஹெல்மெட்டில் உள்ளங்கையால் ஓங்கி அறைவது. காது 'ஙொய்' என்று ரீங்கரிக்கும் நேரத்தில் அவனைத் தாண்டிக் குவாட்டர்பேக்கிடம் போய்விடுவார். 1977இல் அந்த அறையைத் தடை செய்தார்கள். ஜோன்ஸ் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்.

சரி, நேர்மை என்பதை எதைக் கொண்டு அளப்பது? அடியின் பலத்தைக் கொண்டா? காயத்தின் ஆழத்தைக் கொண்டா? உங்கள் முன் இரண்டு காட்சிகளை வைக்கிறேன்.

முதல் காட்சி. 1985 நவம்பர் 18, திங்கள் இரவு, வாஷிங்டன். நாடே டிவி முன்னால். வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மன் பந்தோடு பின்வாங்குகிறார். நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் வந்து விழுகிறார். தைஸ்மனின் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. அந்தக் காட்சியைத் திருப்பிப் போட்டபோது பார்த்த பலர் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். 36 வயது தைஸ்மன் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. இவ்வளவு கோரமான அடிக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை. நடுவரின் மஞ்சள் கொடி விழவில்லை, விழவும் கூடாது. பந்து தைஸ்மன் கையில் இருந்தது, டெய்லர் பந்து இருக்கிற ஆளைப் பிடித்தார். அவ்வளவுதான். பிடித்த மறுகணம் டெய்லர் துள்ளி எழுந்து, வெளியே நின்ற மருத்துவர்களை நோக்கி இரண்டு கைகளையும் வீசி வீசி அழைத்தார். அடித்தவரே அழைத்தார்!

இரண்டாவது காட்சி. ஓராண்டு கழித்து, 1986 நவம்பர் 23, சிகாகோ. குவாட்டர்பேக் ஜிம் மக்மான் பந்தை எறிந்துவிட்டார். எறிந்த பந்தை எதிரணி பிடித்தும்விட்டது. ஆட்டம் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. மக்மான் ஓரமாக நடக்கிறார். கிரீன் பே அணியின் சார்லஸ் மார்ட்டின் பின்னாலிருந்து வந்தார், இடுப்போடு கட்டிப்பிடித்தார், தூக்கினார், தோள் தரையில் படும்படி ஓங்கிப் போட்டார். அன்று மார்ட்டின் இடுப்பில் ஒரு துண்டு செருகியிருந்தார். அதில் சிகாகோ ஆட்டக்காரர்கள் சிலரின் சட்டை எண்கள் எழுதியிருந்தன. மக்மானின் 9ஆம் எண்ணும் அதில் இருந்தது.

துண்டு என்றதும் நமக்கு நம் ஊர் மஞ்சள் துண்டு நினைவுக்கு வரும். மஞ்சள் துண்டு என்றதும் இங்கே சிலருக்குக் கோபாலபுரம் நினைவுக்கு வருகிறது, முகத்தில் தெரிகிறது. நான் சொல்வது ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் தலைக்கு மேல் சுழற்றுகிற துண்டை. அது கொண்டாட்டத்துக்கு. மார்ட்டின் துண்டு கணக்கு வைக்க.

மார்ட்டினை நடுவர் வெளியேற்றினார். இரண்டு ஆட்டங்களுக்குத் தடை விதித்தார்கள். இப்போது சொல்லுங்கள். எலும்பை முறித்த டெய்லர் நேர்மையானவர், தூக்கிப் போட்ட மார்ட்டின் குற்றவாளி. ஏன்? ஒருவர் பந்தைத் தேடிப் போனார், அங்கே ஒரு மனிதன் இருந்தான். இன்னொருவர் மனிதனைத் தேடிப் போனார், அங்கே பந்தே இல்லை. அம்மா கேட்ட கேள்வி இதுதானே! விதிப்புத்தகம் படிக்காமல், கீரைக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாரே!

இத்தோடு முடிந்திருந்தால் எனக்கும் வேலை மிச்சம், உங்களுக்கும் காபி சூடாகக் கிடைக்கும். ஆனால் பந்து கையில் இருக்கும்போதே, விதிப்படியே, ஆளைத் தேடிப் போகிறவனை என்ன செய்வது?

2010 ஜனவரி 24. நியூ ஆர்லியன்ஸ். கத்ரீனா புயலில் மூழ்கிய நகரம், ஐந்தாவது ஆண்டில் தன் அணியின் முதல் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியின் வாசலில் நிற்கிறது. எதிரே மினசோட்டா வைக்கிங்ஸ். அவர்களுடைய குவாட்டர்பேக் பிரெட் ஃபார்வ், வயது 40, தலை நரைத்தவர். அந்த இரவு முழுக்க அவரை அடித்தார்கள். மேலே அடித்தார்கள், கீழே அடித்தார்கள், எறியுமுன் அடித்தார்கள், எறிந்த பின்னும் அடித்தார்கள். கணுக்கால் வீங்கிய நிலையில் நொண்டி நொண்டி ஆடினார். கடைசி நிமிடத்தில், ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, அவர் எறிந்த பந்து எதிரணியின் கையில் போய் விழுந்தது. கூடுதல் நேரத்தில் நியூ ஆர்லியன்ஸ் 31க்கு 28 என்று வென்றது. இரண்டு வாரத்தில் சாம்பியனும் ஆனது. கண்ணீர் விட்டு ரசித்தோம், நானும்தான்.

2012 மார்ச் மாதம் கூட்டமைப்பு தன் விசாரணை முடிவை வெளியிட்டது. தற்காப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸின் கீழ், 2009 முதல் 2011 வரை, அந்த அணியில் ஒரு உண்டியல் இருந்திருக்கிறது. எதிரணி ஆளை ஆட முடியாமல் வீழ்த்தினால் 1,500 டாலர். அவனை வண்டியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு போகும்படி செய்தால் 1,000 டாலர். பெரிய போட்டிகளில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

கோடிகளில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 1,500 டாலர் ஒரு பணமா? இல்லை. அந்தப் பணத்துக்காக யாரும் அடித்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பணம் ஒரு வேலையைச் செய்தது. நேற்றுவரை அடியின் பக்க விளைவாக இருந்த காயத்தை அது அடியின் நோக்கமாக மாற்றிவிட்டது. தைஸ்மன் விழுந்தபோது டெய்லர் மருத்துவரை அழைத்தார். இங்கே ஒருவன் விழுந்தால் பட்டுவாடா.

தலைமைப் பயிற்சியாளர் ஷான் பேட்டனுக்கு ஒரு பருவம் முழுக்கத் தடை. அணிக்கு ஐந்து லட்சம் டாலர் அபராதம். நான்கு ஆட்டக்காரர்களுக்குத் தடை விதித்து, மேல்முறையீட்டில் அதை அந்த ஆண்டின் கடைசியில் நீக்கினார்கள். பழி மேலே இருந்தவர்களுடையது என்று முடிவாயிற்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அடித்தவனுக்கும் கை அவனுடையதுதானே. போகட்டும். நமக்குத் தேவையான விஷயம் வேறு. ஃபார்வ் அடிபட்ட அந்த இரவின் வீடியோவை இன்றைக்குப் போட்டுப் பாருங்கள். எந்த அடி ஆட்டத்துக்கு விழுந்தது, எந்த அடி உண்டியலுக்கு விழுந்தது என்று உங்களால் பிரித்துக் காட்ட முடியாது. நடுவராலும் முடியாது. நோக்கம் கேமராவில் விழுவதில்லை.

அடுத்த ஊரைக் குற்றம் சொல்லிவிட்டு நம் வீட்டு முற்றத்தைக் கூட்டாமல் போகலாமா? 2006 ஜனவரி 8. சின்சினாட்டி. அவர்களுடைய இளம் குவாட்டர்பேக் கார்சன் பால்மர் அன்றைய முதல் பந்தை எறிந்தார். அருமையான எறிதல், 66 கெஜம். பந்து காற்றில் போய்க்கொண்டிருக்க, நம் ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரர் கிமோ வான் ஓல்ஹாஃபன் தரையோடு சரிந்து வந்து அவருடைய இடது முழங்காலில் விழுந்தார். முழங்கால் கிழிந்தது, பால்மரின் பருவம் அந்த நொடியில் முடிந்தது. நாம் வென்றோம். அடுத்த மாதம் சூப்பர் பௌலையும் வென்றோம். தெருவெல்லாம் துண்டைச் சுழற்றினோம். பால்மரின் முழங்காலைப் பற்றி அன்று இந்த ஊரில் எத்தனை பேர் பேசினோம்?

அதன் பிறகு குவாட்டர்பேக்கின் முழங்காலுக்குக் கீழே அடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 2008இல் குவாட்டர்பேக் டாம் பிரேடிக்கும் முழங்கால் போனது. அடுத்த ஆண்டு, கீழே விழுந்து கிடக்கிறவன் தரையிலிருந்து பாய்ந்து காலைத் தாக்கக் கூடாது என்று விதியை மேலும் இறுக்கினார்கள். பெரிய ஆள் விழுந்தால் ஒரு விதி பிறக்கிறது! 2011 டிசம்பரில் நம் ஜேம்ஸ் ஹாரிசன் கிளீவ்லாந்து குவாட்டர்பேக் கோல்ட் மக்காயின் முகத்தில் ஹெல்மெட்டால் மோதி ஒரு ஆட்டத் தடை வாங்கினார். அன்று ஹாரிசனைவிட எனக்குக் கோபம் வந்தது வேறிடத்தில். மூளை அதிர்ந்திருந்த அந்தப் பையனை, அதே ஆட்டத்தில், பந்து இரண்டே முறை ஆடப்பட்ட பிறகு மறுபடி மைதானத்துக்குள் அனுப்பினார்களே, அங்கே.

இனி, அடிக்கிறவன் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன். அவனுக்கும் உடம்பு இருக்கிறது, அவனுக்கும் வீடு இருக்கிறது. 2017 அக்டோபரில் குவாட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் மீது எதிரணியின் ஆண்டனி பார் விழுந்ததில் ராஜர்ஸின் காறை எலும்பு முறிந்தது. பழையபடி, பெரிய ஆள் விழுந்தார். 2018இல், குவாட்டர்பேக்கைப் பிடிக்கலாம், ஆனால் உன் முழு உடல் எடையும் அவர் மேல் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கினார்கள்.

சொல்வதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறது! ஆனால் அந்தரத்தில் ஒருவனைக் கட்டிப்பிடித்தபடி விழுகிறவன் தன் எடையை எங்கே கொண்டுபோய் வைப்பான்? அந்த செப்டம்பரில் கிரீன் பேயின் கிளே மாத்யூஸ் தோளை வைத்து, பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி ஒரு குவாட்டர்பேக்கை வீழ்த்தினார். மஞ்சள் கொடி விழுந்தது. 15 கெஜம் தண்டனை, அவருடைய அணி பிடித்திருந்த பந்தும் செல்லாமல் போயிற்று. அடுத்த வாரம் மயாமியின் வில்லியம் ஹேய்ஸ் என்ன செய்தார்? டெரிக் கார் என்ற குவாட்டர்பேக்கைப் பிடித்து இழுக்கும்போது, தன் எடை அவர் மேல் விழாமல் இருக்க உடம்பைத் திருப்பினார். கால் புல்லில் மாட்டிக்கொண்டது. ஹேய்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பருவம் முடிந்தது. ஒருவரைக் காக்க எழுதிய விதி இன்னொருவரின் காலை வாங்கியது. ஹேய்ஸுக்காக எந்த விதியும் பிறக்கவில்லை.

இன்னும் ஒன்று. 2022 செப்டம்பர் 29 இரவு மயாமி குவாட்டர்பேக் துவா டகோவைலோவா தலை தரையில் மோதி, விரல்கள் கோணிக்கொண்டு விறைத்துப் போய்க் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். நான்கு நாள் முன்புதான் அவர் வேறொரு அடியில் தள்ளாடியிருந்தார். நாடு பதறியது. பதினோரு நாள் கழித்து ஒரு திங்கள் இரவு, கான்சாஸ் சிட்டியின் கிறிஸ் ஜோன்ஸ் பின்னாலிருந்து வந்து, அதே டெரிக் காரிடமிருந்து பந்தைப் பிடுங்கியபடியே அவர் மேல் விழுந்தார். கொடி! குவாட்டர்பேக்கை முரட்டுத்தனமாகத் தாக்கினார் என்று தீர்ப்பு. பந்து எங்கே இருந்தது? ஜோன்ஸின் கையில்! அன்று மட்டும் அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று யோசித்துச் சிரித்தேன்.

என் கட்சியை இப்போது சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கிறவனைப் பலமாக வீழ்த்துவது நேர்மையான ஆட்டம். எவ்வளவு பலம் என்று தராசு வைக்கக் கூடாது. பந்து போன பின் அடிப்பது, தலையைத் தேடி அடிப்பது, ஊன்றிய காலைத் தேடி அடிப்பது, இவை ஆட்டமே அல்ல. ஆனால் புவியீர்ப்புக்காக ஒருவனைத் தண்டிக்காதீர்கள்.

இப்படிச் சொன்னால் கூட்டமைப்பு உடனே மார்பில் கை வைத்துக்கொள்ளும்: 'ஐயா, எங்களுக்கு ஆட்டக்காரர் நலம்தான் முக்கியம்.' யாருடைய நலம்? டாலஸ் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு 2024இல் பேசிய சம்பளம் ஆண்டுக்கு 6 கோடி டாலர். அந்த முகம் இல்லாவிட்டால் டிவியில் ஆட்டம் விற்காது. விலை உயர்ந்த பொருளுக்குப் பஞ்சு சுற்றி வைக்கிறார்கள். சுற்றட்டும், தவறில்லை. அதற்கு இரக்கம் என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

ஏனென்றால் இந்த ஊரில் மைக் வெப்ஸ்டர் என்று ஒருவர் இருந்தார். 1974 முதல் 1988 வரை ஸ்டீலர்ஸின் சென்டர். குனிந்து நின்று, பந்தைக் கால்களுக்கு இடையே குவாட்டர்பேக் டெர்ரி பிராட்ஷாவிடம் கொடுத்துவிட்டு, அடுத்த நொடி தலையால் எதிரியை முட்டுகிறவர். ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒவ்வொரு முறையும். பிராட்ஷாவை 1976இல் கிளீவ்லாந்துக்காரன் தலைகீழாகத் தரையில் குத்தினான், அதை நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை. வெப்ஸ்டர் வாங்கிய அடி எதையாவது யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா? ஒன்றுகூடப் பெரிய அடி இல்லை. எதற்கும் கொடி இல்லை. எல்லாமே நேர்மையான ஆட்டம். 2002இல், 50 வயதில், நினைவு சிதைந்து, வீடில்லாமல் சில காலம் தன் வண்டியில் படுத்துறங்கி, இறந்துபோனார். இந்த ஊர்ப் பிணக்கூடத்தில் அவருடைய மூளையை எடுத்து ஆராய்ந்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. அந்த மூளையில் அவர் கண்ட சிதைவைத்தான் இன்று உலகம் சி.டி.இ. என்று அறிகிறது.

கடைசியாக ஒரு புகைப்படம். 1964 செப்டம்பர் 20, இதே ஊரில், இன்று இடித்துவிட்ட பிட் ஸ்டேடியத்தில் எடுத்தது. நியூயார்க் ஜயன்ட்ஸின் குவாட்டர்பேக் வொய்.ஏ. டிட்டில், வயது 37. நம் அணியின் ஜான் பேக்கர் அவரை மோதினார். எறிந்த பந்து நம் அணியின் கைக்குப் போய்ப் புள்ளியாகவும் மாறியது. ஹெல்மெட் கழன்று, வழுக்கைத் தலையில் ரத்தம் வழிய, மண்டியிட்டபடி டிட்டில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கை இரண்டும் தொடை மேல். அதை எடுத்தவர் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் மோரிஸ் பெர்மன். அதில் ஆட்டமே இல்லையே என்று ஆசிரியர் பிரசுரிக்கவில்லையாம். பிறகு அது பரிசு வாங்கியது. இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் இருக்கும் கேன்டன் நகரத்துப் புகழ்க்கூடத்துக்கும் போயிற்று.

டிட்டில் அந்தப் பருவத்தோடு விலகினார். பேக்கர் ஆட்டத்தை விட்டபின் தன் சொந்த மாநிலமான வட கரோலினாவுக்குப் போய், 1978இல் வேக் கவுண்டி ஷெரிஃப் பதவிக்குப் போட்டியிட்டார். பிரசாரத்தில் அந்தப் புகைப்படத்தையே காட்டினார். ஜெயித்தார். இருபத்துநான்கு ஆண்டுகள் அந்தக் கவுண்டியில் சட்டம் ஒழுங்கைக் காத்தவர் அவர்தான்.

பின்வரிசைத் தம்பி, இப்போது ஸ்கோர் என்ன, கொஞ்சம் சத்தமாகச் சொல்லப்பா.